அதற்குக் கீழே ஒரு மடல்

அந்தத் தாளின் இரண்டு ஓரங்களிலும் இருந்த ஓட்டை வரிசையை நான் கிழிக்கவில்லை. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் துப்பியதை அப்படியே உருவி, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தேன். ஆசிரியர் கூட்டத்தில் என் முறை வந்ததும் அதை எடுத்து மேஜையின் நடுவே விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் ஒவ்வொன்றாக நீவிவிட்டேன். எந்த அவசரமும் இல்லை. ஒரு மனிதரை ஏழு பேர் முன்னால் தலைகுனிய வைக்கப் போகிறோம் என்ற தயக்கமும் இல்லை.

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு தனியார் பாலிடெக்னிக் அது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். நான் முதுகலைப் பொறியியல் முடித்து, முப்பத்தொரு வயதில் கம்ப்யூட்டர் துறையின் தலைவியாக அங்கே சேர்ந்திருந்தேன். என் அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். வீட்டில் எல்லோரும் நன்றாக ஆங்கிலம் பேசுவோம், அதை ஊருக்குத் தெரியும்படியும் பேசுவோம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவரை மாணவர்கள் ‘லேப் அண்ணாச்சி’ என்று கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். என்னைவிட எட்டு வயது மூத்தவர். குளத்தூர்ப் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பம். ஐ.டி.ஐ. படித்துவிட்டு, சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் கணிப்பொறி அறையில் தற்காலிக ஊழியராகப் பல வருடம் இருந்திருக்கிறார். அப்பா இறந்து, வீட்டைப் பார்க்க ஆள் இல்லை என்றானதும் ஊருக்குத் திரும்பி எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். செருப்பை லேப் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். ஆங்கிலம் பேசச் சொன்னால் வாக்கியத்தின் பாதியில் நின்று, மீதியைச் சிரிப்பால் முடிப்பார்.

எங்கள் காலேஜில் மின்சாரம் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போகும். திடீரென்று அணைந்த யுனிக்ஸ் கணிப்பொறி மறுபடி எழும்போது, உள்ளே இருக்கும் கோப்புகளெல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று வரிசையாகக் கேள்வி கேட்கும். புரியாத மாணவர்கள் எல்லாவற்றுக்கும் ‘சரி’ ‘சரி’ என்று தட்டி, பாடுபட்டுச் செய்த வேலையை இழந்துவிட்டு நிற்பார்கள். அவர்களுக்காக அண்ணாச்சி ஆங்கிலத்தில் நான்கு பக்கக் குறிப்பு ஒன்று தட்டச்சு செய்து வைத்திருந்தார். சாயங்காலம் மந்தை திரும்பியதும் மேய்க்கிறவர் பட்டியில் நின்று எப்படிக் கணக்குப் பார்ப்பாரோ, அப்படித்தான் இயந்திரமும் பார்க்கிறது என்று அது தொடங்கும். கோப்புதான் குட்டி, அதை வைத்திருக்கும் ஃபோல்டர்தான் தாய். எந்தக் குட்டி எந்தத் தாயுடையது, இரண்டு தாய் சொந்தம் கொண்டாடும் குட்டி எது, தாயே இல்லாமல் கத்துகிற குட்டி எது. தாயைக் காணவில்லை என்பதற்காகக் குட்டியைத் தூக்கி எறிந்துவிடாதே, தனியாக மூடி வை, விடிந்ததும் தாய் தேடி வரும் என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தார். நான் பல்கலைக்கழகத்தில் படித்த எந்தப் புத்தகமும் அந்த விஷயத்தை எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அந்த வருடம் அங்கீகார ஆய்வுக் குழு வர இருந்தது. ஆய்வகக் கையேடு ஒன்று அச்சடிக்க வேண்டும். பிரின்சிபால் அண்ணாச்சியின் குறிப்புகளையெல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதையே புஸ்தகமாப் போட்ருவோம் மேடம். அண்ணாச்சி பேரையும் முன்னால போட்ருவோம்" என்றார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அந்த ஆளுக்கு ரெண்டு வாக்கியம் சேந்தாப்ல பேசத் தெரியாது, அவரு எழுதினதாம்" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் கோயம்புத்தூரில் வேலை பார்த்த என் தோழி ஓர் இணையதளத்தைப் பற்றிச் சொன்னாள். இணையம் படமும் வண்ணமுமாக மாறுவதற்கு முன்னால் வெறும் எழுத்தாக இருந்த காலத்தில், உலகம் முழுக்க இருந்த கணிப்பொறிக்காரர்கள் ‘நியூஸ்குரூப்’ என்ற விவாதக் குழுக்களில் கேள்வி கேட்டுப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதியது சில வாரத்தில் அழிந்துவிடும் என்றுதான் அவர்களில் பலர் நினைத்திருந்தார்கள். அப்படி அழியாமல் யார் யாரோ சேமித்து வைத்திருந்த பழைய மடல்களை எல்லாம் இப்போது ஓர் இடத்தில் கொட்டி, ஒரு சொல்லைத் தட்டினால் தேடி எடுக்கும்படி செய்துவிட்டார்களாம். எனக்கு முதலில் வெறும் ஆச்சரியம்தான். துறை அறையில் இருந்த டயல்-அப் இணைப்பில் உட்கார்ந்து, நான் கல்லூரியில் படித்த காலத்து விஷயங்களையெல்லாம் தேடினேன். பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ இருவர் போட்ட சண்டையை, பக்கத்து வீட்டுச் சண்டையை ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, குட்டியைத் தூக்கி எறியாதே என்ற அந்த வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தட்டினேன். மோடம் விளக்குகள் கொஞ்ச நேரம் மினுக்கின. ஒரே ஒரு மடல் வந்தது.

சொல்லுக்குச் சொல் அதேதான். ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி. மேலே ஒரு பேராசிரியரின் பெயர், கீழே அவருடைய பட்டங்களும் துறையும் சென்னை நிறுவனத்தின் பெயரும் கொண்ட கையொப்பம். எனக்கு வந்தது கோபம் இல்லை. சந்தோஷம். நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். அந்த மடலுக்கு மேல், முழு உரையாடலையும் பார்க்க ஒரு இணைப்பு இருந்தது. அதன் பக்கத்தில், மொத்தம் ஐந்து மடல்கள் என்றும் போட்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, அதைத் தொடாமல் பிரிண்ட் கொடுத்தேன். இணைப்பு மெதுவாக இருந்தது, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று பிற்பாடு எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதுதான் காரணம்.

கூட்டத்தில் தாளாளர், பிரின்சிபால், நாங்கள் ஐந்து பேர். அண்ணாச்சியைக் கூப்பிட்டனுப்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். தாளை அவர் பக்கம் தள்ளி, "இது என்னன்னு தெரியுதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தார். நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. தொலைந்துபோன சாமான் கிடைத்தவரைப்போல அந்தத் தாளை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

"இது இன்னும் இருக்கா மேடம்? எங்கன இருந்து எடுத்தீய?"

"அதை விடுங்க. யாரு எழுதினது?"

"நாந்தான்."

"மேல இருக்கிற பேரு உங்க பேரா?"

அப்போதுதான் அவருக்கு அறையின் நிலை புரிந்தது. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "அது எங்க சார் பேரு மேடம். எனக்குன்னு அங்கன அக்கவுண்ட் கிடையாது. டெம்பரரி ஆளுக்குக் குடுக்க மாட்டாவ. யாரோ ஒருத்தர் சந்தேகம் கேட்டிருந்தாரு. சார்தான், நீ எழுதுடா, உனக்குத்தான் நல்லாத் தெரியும்னு அவிய சீட்டுல உக்கார வச்சாவ. கீழ கையெழுத்து தானா விழுந்துட்டு."

"அப்ப டாக்டர் பட்டம் வாங்கினவரு உங்ககிட்ட டிக்டேஷன் எடுத்துக்கிட்டாரு?" என்றேன். பக்கத்து நாற்காலியில் இருந்த ஆசிரியர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

அவர் சிரித்தவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "சார் மறுநாளே இன்னொண்ணு போட்டேன்னு சொன்னாவ மேடம். அது நான் எழுதினதில்ல, எங்க ஆளு எழுதினதுன்னு. இதுக்குக் கீழ இருக்கும். பாத்தீயளா?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. பார்க்கவில்லை, இப்போது போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். துறை அறை அதே வராந்தாவில், இருபதடி தூரத்தில் இருந்தது.

"பாத்துட்டேன். வேற எதுவும் இல்ல" என்றேன்.

‘இல்லையா’ என்று தனக்குத்தானே கேட்பதுபோல் அவர் உதடு மட்டும் அசைந்தது. தாளை மேஜையில் வைத்தார். தாளாளர், நகலெடுத்ததை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடரலாம் என்றார். அண்ணாச்சி, "செய்யாததச் செஞ்சேன்னு எப்பிடி சார் எழுத?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே வேலையை விட்டுவிட்டார். போகிற அன்று லேப் சாவிக்கொத்தோடு ஒரு தாளையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். எந்த இயந்திரத்துக்கு எந்தக் கோளாறு அடிக்கடி வரும், எதைத் தட்டினால் சரியாகும் என்று இருபத்திரண்டு இயந்திரங்களுக்கும் எழுதியிருந்தார்.

கையேடு வந்தது. அந்த நான்கு பக்கமும் அதில் இருந்தது. பிரின்சிபால், "சரக்கு யாருதா இருந்தா என்ன மேடம், நல்லாத்தான இருக்கு. தொகுப்புன்னு உங்க பேரப் போட்ருங்க" என்றார். போட்டுக்கொண்டேன். திருடிவிட்டார் என்று ஒருவரை வெளியே அனுப்பிய எழுத்துக்கு மேலே என் பெயரை நானே அச்சடித்துக்கொண்டேன். ஆய்வுக் குழுவினர் பாராட்டினார்கள்.

மூன்று வருடம் போனது. காலேஜுக்கு வேகமான இணைப்பு வந்துவிட்டது. ஒரு நாள் பிற்பகல், வேறு ஒரு வேலைக்காகக் கோப்புப் பழுது பற்றித் தேடிக்கொண்டிருந்தபோது அதே உரையாடல் திரையில் வந்து நின்றது. இந்தத் தடவை இணைப்பைத் தொட வேண்டிய தேவையும் இல்லை. தளத்தை மாற்றியிருந்தார்கள். ஐந்து மடல்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தானாகவே விரிந்தன. முதலாவது கேள்வி. இரண்டாவது அண்ணாச்சியுடையது. மூன்றாவது மறுநாள் தேதியில் இருந்தது.

நேற்று என் பெயரில் வந்த விளக்கம் என்னுடையதல்ல என்று அந்தப் பேராசிரியர் எழுதியிருந்தார். எங்கள் கணிப்பொறி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் எழுதியது. அவருக்கு அக்கவுண்ட் கிடையாது என்பதால் என் இடத்தில் உட்கார்ந்து எழுதினார். கையொப்பத்தை இயந்திரம் தானாகச் சேர்த்துவிட்டது. எனக்கு ஆடுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது, நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் அவருக்குச் சொல்லுங்கள். இப்படி எழுதி, கடைசியில் அண்ணாச்சியின் பெயரை இனிஷியலோடு போட்டிருந்தார். நாலாவதிலும் ஐந்தாவதிலும் எந்தெந்தத் தேசத்திலோ இருந்த இரண்டு பேர் அந்தப் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதி நன்றி சொல்லியிருந்தார்கள்.

நான் திரையை அணைத்துவிட்டு வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது, வழக்கமாக மனப்பாடமாக ஓடிவிடும் வார்த்தைகள் ஓடவில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன். உடனே அவரைத் தேடிப் போயிருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லலாம். போகவில்லை. ஐந்து மடல்களையும் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ஏழு மாதம் நடமாடினேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, ஆபீஸில் இருந்த பழைய விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்துக்கொண்டு கிளம்பினேன். விளாத்திகுளத்தில் பஸ் மாறி, குளத்தூருக்கு முன்னாலேயே இறங்கி, மழை ஊறிய கரிசலில் முக்கால் கிலோமீட்டர் நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் செருப்பில் மண் அப்பி, கால் கல்லாய்க் கனத்தது. வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது முழங்கால்வரை கருப்பாக இருந்தேன்.

அவர் மனைவி வெளியே வந்து பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "ஆத்தாடி, இந்தச் சகதியிலயா நடந்து வந்தீய? செருப்பக் கழத்துங்க. கால நீட்டுங்க." வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. குச்சியால் என் செருப்பைச் சுரண்டிப் போட்டுவிட்டு, செம்பில் தண்ணீர் எடுத்துக் காலில் ஊற்ற ஆரம்பித்தார். அதற்குள் அண்ணாச்சி உள்ளிருந்து வந்துவிட்டார். தலை நரைத்திருந்தது. உப்பு லாரிகள் ஏறும் எடைமேடைகளில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என்னைப் பார்த்துவிட்டு, "காலேஜ்ல மேடம்" என்று மனைவியிடம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

"எந்தக் காலேஜி? இவிய வேல பாத்ததா?" செம்பைச் சாய்த்தபடியே அந்த அம்மா கேட்டார். "அங்கன எவளோ ஒருத்தி இவியளக் கள்ளன்னு சொல்லிட்டாளாமே. ஒங்களுக்கு அவளத் தெரியுமா? பேரக் கேட்டா இவிய சொல்ல மாட்டேங்காவ. மூணு மாசம் சரியா சோறு திங்கல தெரியுமா? அவ நல்லா இருப்பாளாம்மா?"

தண்ணீர் என் காலில் விழுந்துகொண்டே இருந்தது. நான் அவளைத் தெரியாது என்று சொல்லவில்லை. நான்தான் என்றும் சொல்லவில்லை.

"ஏட்டி, பேச்ச விட்டுட்டுப் போயி காப்பி போடு. மேடம் தூரத்துல இருந்து வாராவ" என்றார் அண்ணாச்சி.

அந்த அம்மா உள்ளே போனதும் தாள்களை நீட்டினேன். நின்றுகொண்டே படித்தார். மூன்றாவது மடலுக்கு வந்ததும் வாசலுக்கு வெளியே வெளிச்சத்துக்குப் போனார். திரும்பத் திரும்பப் படித்தார் என்று நினைக்கிறேன், வெகு நேரமானது.

"சார் போட்டுத்தான் இருக்காவ" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"அன்னைக்கும் இது இங்கனதான இருந்திருக்கும்?"

"இருந்தது."

"பாத்தேன்னு சொன்னீங்களே மேடம்."

"பாக்கல. பாக்காமதான் சொன்னேன்."

அவர் கோபப்படுவார் என்று வழியெல்லாம் ஆயத்தம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் கோபப்படவில்லை. தாளை மடக்கியபடி மெதுவாகச் சொன்னார்: "நீங்க இல்லன்னு சொன்னதும் நான் சாரத்தான் சந்தேகப்பட்டேன். சின்ன ஆளுதானன்னு எனக்கு ஒரு சமாதானத்துக்குப் போட்டேன்னு சொல்லிருக்காவபோலன்னு நெனச்சுட்டேன். அவிய பெறவு வெளிநாடு போயிட்டாவ, அங்கன இருந்து வருசா வருசம் கடுதாசி போடுவாவ. அதுக்கப்புறம் நான் பதிலு எழுதல. ரெண்டு மூணு தடவ எழுதிப் பாத்துட்டு அவியளும் விட்டுட்டாவ."

என் பொய்யால் அவருக்கு வேலை போனது என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். அது எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அந்த வாசலில் நின்றுதான் தெரிந்தது. மன்னிக்க வேண்டும் என்று ஏதோ சொன்னேன். அவர் மடக்கிய தாளைத் தட்டிக் காட்டி, "இத அங்கன வாசிச்சீங்களா மேடம்? அவ்வளவு பேரு முன்னால?" என்று கேட்டார்.

"இனிமேதான். வாசிக்கிறேன்."

"சரி" என்றார். காப்பி வந்தது. குடித்தேன். அந்த அம்மா பஸ் வரும் ரோடுவரை கூட வந்து, சகதி இல்லாத பாதையாகப் பார்த்துக் காட்டிக் கூட்டிப்போனார்.

வாசிக்கிறேன் என்று சொன்னது ஐப்பசியில். அடுத்த கூட்டத்தில் வேறு விஷயம் நிறைய இருந்தது. அதற்கடுத்ததில் தாளாளர் அவசரத்தில் இருந்தார். பிறகு பதவி உயர்வுப் பேச்சு வந்தது, அது முடியட்டும் என்று விட்டேன். அப்புறம் பிரின்சிபால் ஓய்வுபெற்றார். தாளாளர் உடம்பு முடியாமல் பொறுப்பை மகனிடம் கொடுத்தார். ஒன்றரை வருடம் கழித்து மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. விடைபெறுகிற கூட்டத்தில், சால்வையும் மாலையும் போட்டு முடித்த பிறகு, பையில் இருந்து அந்தத் தாளை எடுத்து வாசித்தேன். நான் செய்ததைச் சொன்னேன், கையேட்டில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டு அவருடைய பெயரைப் போடச் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "மேடத்துக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று ஒருவர் சொன்னார். கைகூடத் தட்டினார்கள்.

மறுநாள் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். நம்பரை நான் அவர் வீட்டுக்குப் போன அன்றைக்கு அவர் மனைவிதான் கொடுத்திருந்தார். பின்னால் லாரி இரைச்சல் கேட்டது. "வாசிச்சிட்டேன் அண்ணாச்சி" என்றேன். குரலில் ஒரு நிம்மதி இருந்திருக்கும், எனக்கே கேட்டது.

"அப்பிடியா? சந்தோசம் மேடம்." சத்தம் இல்லாத இடத்துக்கு நகர்ந்து வந்தார்போல. "தாளாளர் ஐயா என்ன சொன்னாவ?"

"அவரு வரல. உடம்பு சரியில்ல. மகன்தான் பாக்குறாரு."

"பிரின்சிபால் சார்?"

"ரிடையர் ஆயிட்டாங்க."

"அன்னைக்குச் சிரிச்சாரே, அந்த சார்?"

"அவரும் மாறிப் போயிட்டாரு. அன்னைக்கு இருந்தவங்க இப்ப யாரும் இல்ல அண்ணாச்சி."

குறை சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர்போல் கேட்டார்:

"அப்ப யாருகிட்ட சொன்னீங்க மேடம்?"